மடிப்பில் எழுதிய வரி

1

கட்சியின் தலைமை நிலையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மூன்று பிரதிகள், பதினோரு கேள்விகள். நாம் ஆட்சியை இழந்து ஒரு வருஷம் ஆகிறது, தோல்விக்கான காரணங்களையும் வருங்கால வாய்ப்புகளையும் ஒவ்வொரு கிளையும் ஆராய்ந்து, பூர்த்தி செய்து, பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கூடவே ஒரு சுற்றறிக்கை. முதல் கேள்வி: "உங்கள் தொகுதியின் பெயர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாங்கள் பம்பாய்க் கிளை. தாராவியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, எப்போதும் மாவு படிந்தே கிடக்கும் ஓர் அறையில் கூடுகிறவர்கள். எங்களில் ஒருவருக்கும் மதராஸ் ராஜ்யத்தில் வோட்டு கிடையாது. வோட்டே இல்லாதவன் தொகுதிக்கு எங்கே போவான்? ஊர் விட்டு வந்து இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ படிவங்கள் பூர்த்தி செய்திருக்கிறேன். ரேஷன் கார்டுக்கு, ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க. எல்லாவற்றிலும் "சொந்த ஊர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதை எழுதும்போது கை தயங்கியதில்லை. இந்தப் படிவத்தின் முதல் கட்டத்திலேயே கை நின்றுவிட்டது. கடைசியில் "பம்பாய், தொகுதி இல்லை" என்று எழுதினேன்.

நான் யார் என்று சொல்ல வேண்டுமல்லவா? பெயர் ஞானமுத்து. திருநெல்வேலி ஜில்லாவின் தெற்குக் கோடி. மாட்டுங்காவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் ஆராதனை, மத்தியானம் கட்சி. இரண்டுக்கும் ஒரே கதர்ச் சட்டைதான். கிளைக்குப் பதினான்கு வருஷமாக நான்தான் செயலாளர். தலைவர் அனந்தராமன் சார், மாட்டுங்காவில் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பெரிய வேலை, நாற்பத்திரண்டு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். செம்பூரிலிருந்து ஒருவர் தவறாமல் வருவார். இன்னொருவர் டோம்பிவிலிக்குக் குடிபோன பிறகு, லோக்கல் ரயில் பிடித்து இவ்வளவு தூரம் வந்து தோற்ற கதையைப் பேச வேண்டுமா என்று நின்றுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஏழாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "உங்கள் பகுதியில் கட்சி மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்ததற்கான காரணம்." இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2

ஒரு வருஷம் முந்தி ரிசல்ட் வந்த நாளைச் சொல்கிறேன். ஊரில் நீங்கள் எல்லாரும் ஒரே தெருவில் நின்று அழுதிருப்பீர்கள், அல்லது வெடி வெடித்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ரேடியோவில் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். தோற்கவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ணியிருக்கக்கூடியவர்கள் எல்லாம் தோற்றிருந்தார்கள். தட்டில் போட்ட சோற்றைத் தள்ளி வைத்தேன்.

காலேஜில் படிக்கும் என் மகள் ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பப்பா, அங்க நமக்கு வோட்டே கெடயாதே. பின்ன ஏன் சாப்பிடாம இருக்கீங்க? சோடோ நா" என்றாள். விட்டுத் தள்ளுங்கள் என்கிறாள். அவளைக் கோபிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் பாதி இந்தியில். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கான்வெண்டில் போட்டால் இங்கிலீஷ் நன்றாக வரும் என்று சேர்த்துவிட்டவன் நான்தான். தமிழை வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் நான் எப்போது இருந்தேன்?

மறுநாள் ஆபீஸில் இன்னும் பெரிய கூத்து. எங்கள் ஹெட் கிளார்க் காம்ப்ளே மராத்திக்காரர், நல்ல மனுஷர். ஒரு டப்பா பேடாவோடு என் மேஜைக்கு வந்து, "முபாரக் ஹோ ஞானமுத்து! தும்ஹாரா லோக் ஜீத் கயா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் ஆட்கள் ஜெயித்துவிட்டார்களாமே என்று வாழ்த்துகிறார். அவர் கணக்கில் ஜெயித்தவர்கள் மதராஸிகள், நானும் மதராஸி. என் ஆட்கள் தோற்றுப் போனார்கள் ஐயா என்று இந்தியில் விளக்கப் பார்த்தேன். அங்கே தோற்ற கட்சிதான் இங்கே பம்பாயில் ராஜ்யம் நடத்துகிறது. அதில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே குழம்பிவிட்டது. பேசாமல் பேடாவை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ஏலக்காய் போட்ட நல்ல பேடா. அன்றைக்கு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு எதிர்க்கட்சியின் வெற்றிக்கு வாங்கிய இனிப்பு.

மதராஸ் பத்திரிகை தாதருக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதனால் ஊர் அழுது முடித்த பிறகுதான் நாங்கள் அழத் தொடங்குவோம். இப்போதெல்லாம் அந்தப் பத்திரிகையை லோக்கலில் பிரித்துப் படிப்பதும் இல்லை. தென்னாட்டுக்காரர்கள் நம் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கடைப் பலகைகளைக்கூடப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். நான் இங்கிலீஷ் பத்திரிகையை வெளியே விரித்து, தமிழை உள்ளே வைத்துப் படிக்கிறேன். ஐம்பது வயதில் இந்த வேலை.

3

இனிமேல்தான் விஷயம்.

தாராவியில் தோல் பதனிடும் இடங்களில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஜில்லாக்காரர்கள். குடும்பம் ஊரில், இவர்கள் இங்கே. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஞாயிறு மத்தியானம் மாவு மில் அறையில் நான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். வந்த கடிதத்தை வாசித்தும் காட்டுவேன். காசு வாங்குவதில்லை. கட்சி அப்படித்தான் வளர்ந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டில் முதல் தேர்தல் வந்தது. அப்போது அவர்களே சொல்வார்கள்: "எளுதிருங்க அண்ணாச்சி, வோட்டு நம்ம பொட்டியில போடச் சொல்லி." எழுதினேன். அதில் தப்பு என்ன இருக்கிறது? ஐம்பத்தேழிலும் பெரும்பாலும் கேட்டுத்தான் எழுதினேன். அறுபத்திரண்டில், சொல்ல மறந்திருப்பார்கள் என்று நானே சேர்த்தேன். அறுபத்தேழில் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சிலர் வேறு பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம் அது. பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்லண்ட் லெட்டரில் எழுதி முடித்ததும் முழுக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு விலாசம் எழுதும்போது, ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கம் இருக்குமே ஒரு சின்ன இடம், அதில் பொடி எழுத்தில் ஒரு வரி: "வோட்டு நம் சின்னத்துக்கே போடவும், மறக்க வேண்டாம்." உடனே எச்சில் தொட்டு ஒட்டிவிடுவேன். அந்த மாதம் முழுக்க இதேதான் செய்தேன். கை கூசவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பம்பாயிலிருந்து புருஷன் எழுதியிருக்கிறான் என்றால் ஊரில் அதற்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். நேரில் இருக்கிற புருஷன் பேச்சைத் தட்டினாலும் தட்டுவார்கள், கடுதாசியில் வந்த பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

4

செல்லையா சாத்தான்குளம் பக்கத்துக்காரர். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் இரண்டும் வெளுத்திருக்கும். மனைவி பேச்சியம்மாளும் ஒரே மகளும் ஊரில். பேச்சியம்மாளின் அண்ணன் முத்துக்குட்டி அடுத்த தெருவில் இருக்கிறார். தங்கை வீட்டுக்கு விறகு வெட்டிப் போடுவதிலிருந்து, மழைக்கு ஓலை மாற்றுவது வரை அவர்தான். அவர் எதிர்க்கட்சியில் ஊறியவர். அந்தத் தேர்தலில் ராப்பகலாக அலைந்திருக்கிறார்.

தேர்தல் முடிந்து சில நாளில் பேச்சியம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த வீட்டு வாத்தியார் எழுதிக் கொடுத்தது. செல்லையா எதிரே உட்கார்ந்திருக்க, நான் வாசித்துக்கொண்டே வந்தேன். ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அதன் கீழே இருந்தது இது: "நீங்கள் எழுதியபடி வோட்டு அதற்கே போட்டேன். அண்ணன் வந்து கெஞ்சியும் கேட்டார். அவர்கள் எழுதியிருக்கிறார்கள், மீற மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

நான் அந்த வரிகளைத் தாண்டி, "மற்றவை உங்கள் பதில் கண்டு" என்று முடித்துவிட்டேன்.

கோடையில் இரண்டாவது கடிதம் வந்தது. மகள் பெரியவளாகிவிட்டாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் பெண்ணை உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "வோட்டுக் கோபத்தில் வரவில்லை" என்று வாத்தியார் தெளிவாக எழுதியிருந்தார். நான் "வரவில்லை" என்பதை மட்டும் வாசித்தேன்.

செல்லையா, "மச்சானுக்கு நான் என்ன கொறை வச்சேன் அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் கேட்கிறார்! காரணம் என் கையில் இருந்த காகிதத்தில் இருந்தது. நான் தெரியாதே என்று உதட்டைப் பிதுக்கினேன்.

அதோடு முடியவில்லை. முத்துக்குட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஆத்திரத்தில் சொன்னதுதான்: இனி என் வாசலை மிதிக்க வேண்டாம், என் பெண்ணுக்கு மாமன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆறட்டும், நாளைக்கு எழுதலாம் என்று தடுத்திருக்கலாம். வாய் திறந்தால் எங்கே போய் முடியும் என்று பயம். என் ஆயுளில் அந்த ஒரு கடிதத்தைத்தான் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல், சொன்னது சொன்னபடி எழுதினேன். மடிப்பிலும் ஒன்றும் எழுதவில்லை.

5

ஜெயித்த கட்சிக்காரர்களும் தாராவியில் கிளை வைத்தார்கள். எங்கள் மில்லிலிருந்து நாலு சந்து தள்ளி ஒரு படிப்பகம். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "புது மோகம். ஆறு மாசத்துல பூட்டிருவானுக" என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் முன்னால் உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். ஊரிலிருந்து கடிதம் வருவது குறைந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். மனுஷன் தன்னை ஏமாற்றிக்கொள்ள எத்தனை வழி!

படிவம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அதை விரித்து வைத்துக்கொண்டு ஏழாவது கேள்வியில் நின்றிருந்தேன். "தென் ஜில்லாக்களில் அரிசித் தட்டுப்பாடு" என்று எழுதி, அடித்து, "எதிர்க்கட்சியினரின் பொய்ப் பிரசாரம்" என்று எழுதியிருந்தேன். செல்லையா வந்தார். கையில் ஒரு துணிப் பை. நான் "இரி செல்லையா" என்றேன். உட்காரவில்லை.

பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து என் படிவத்தின் மேலேயே விரித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவி வாசித்தார். "நீ… ங்கள்… எழு… திய… படி…" அந்த வரியை முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு அந்த நேரம் போகவே இல்லை. ஸ்டெல்லா புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள். அவளுக்கு வராத எழுத்து, தொட்டியில் நிற்கிற நாற்பது வயது மனுஷருக்கு வந்துவிட்டது.

"இத நீங்க வாசிக்கவே இல்லையே அண்ணாச்சி."

ஒட்டுகிற மடிப்பில் எல்லாருக்கும் எழுதிய வரிதான், கட்சிக்காகத்தான் என்று ஏதோ முனகினேன்.

"கட்சி ஒங்களுக்குப் பெருசு. சரி, இருக்கட்டும். எம் புள்ள சடங்குக்கு மாமன் வரலையே. ஒரு வருசமா பேச்சி தனியா கெடக்கா. போன மழைக்கு ஓலை மாத்த ஆளில்ல. அவ அண்ணன வைஞ்சு நானே ஒங்க கையால எளுதியிருக்கேன்."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். அவர் குரல் ஏறவே இல்லை. கேட்டது இதுதான். சித்திரை மாதக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறார். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி மச்சானுக்கு நான் எழுத வேண்டும். கையில் கொடுத்தனுப்பக் கூடாது, இவரே எழுதி வாங்கிக்கொண்டு வந்தது என்று மச்சான் சொல்லிவிடுவார். தபாலில் போக வேண்டும். வெறும் பெயர் போட்டால் யாரோ என்று தள்ளிவிடுவார், அதனால் கட்சியில் என் பதவியையும் போட வேண்டும்.

என் மனைவி ஜெபமணி அதுவரை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து ஒன்றைச் செல்லையா கையில் கொடுத்தாள். மற்றதைத் தானே குடித்தாள். எனக்கு இல்லை.

6

மறுநாள் ஆபீஸ் விட்டதும் அனந்தராமன் சார் வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதவி போட்டு எழுதுவதானால் தலைவருக்குத் தெரியாமல் செய்யக் கூடாதல்லவா? உண்மையில், அவர் வேண்டாம் என்று தடுத்தால் நல்லது என்றும் ஒரு சபலம் இருந்தது. அவரும் தடுத்தார்.

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வந்தவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, இரண்டு வருஷத்தில் ஜனங்களுக்குச் சலித்துவிடும், தானாகத் திரும்பி வருவார்கள், அதுவரை நாம் பொறுமையாக இருந்தால் போதும். படிவத்தில் பதினோராவது கேள்விக்கு, கட்சியின் வருங்காலம் பற்றிய கேள்விக்கு, இதையே எழுதச் சொல்லியிருந்தார்.

"ஒரு லெட்டர்தானேன்னு நெனைக்கறேள் ஞானமுத்து. அந்த மச்சான் அவா கட்சிக்காரன். செயலாளர்னு கையெழுத்துப் போட்டு இதக் குடுத்தா, வோட்டு வாங்கற லட்சணத்தப் பாருங்கோன்னு ஊர் ஊரா வாசிப்பான். நாம எழுந்து நிக்கற நேரத்துல நாமளே குழி வெட்டிக்கணுமா? ஏதோ தவறுதல் நடந்துடுத்துன்னு தன்மையா, பொதுவா எழுதிக் குடுங்கோ."

அவர் கெட்டவர் இல்லை. கட்சிக்காகத் தடியடி வாங்கிய முதுகு அது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. எனக்கோ கட்சி என்றால் சும்மா ஒரு பெயர் அல்ல. இந்த ஊரில் நான் வெறும் மதராஸி. மாவு மில் மாடியில் மட்டும்தான் செயலாளர். அந்தப் பதவியையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? அன்றைக்கு அதை நினைத்து உண்மையாகவே பயந்தேன்.

ஆனாலும் வாய் வேறொன்றைச் சொன்னது. "ஜனங்க திரும்பி வருவாங்க, சரி சார். வந்து பாக்கையில நாம என்ன லட்சணத்துல இருப்போம்?"

அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மில் மாடியில் செல்லையா முன்னிலையில் எழுதினேன். "உங்கள் மைத்துனர் வோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வரியை அவருக்குத் தெரியாமல் எழுதியவன் நான். உங்கள் தங்கையின் பதிலில் இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டாமல் மறைத்தவனும் நான். நீங்கள் சடங்குக்கு வராத காரணம் தெரியாமல்தான் அவர் கோபமாக எழுதச் சொன்னார். பிழை என்னுடையது. அவர்கள் இருவர் மேலும் இல்லை." கீழே பெயர், அதன் கீழே பதவி.

வாசித்துக் காட்டட்டுமா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "வேண்டாம், இங்க தாங்க" என்று வாங்கினார். தொடக்கத்திலிருந்து கடைசி வரை விரல் வைத்துத் தானே வாசித்தார். "மைத்துனர்" என்ற இடத்தில் தடுக்கி, திரும்பப் படித்து, தாண்டினார். என் பதவியையும் வாசித்தார். பிறகு ஒட்டுகிற மடிப்பைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சின்ன இடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். காலியாக இருந்தது. அவரே ஒட்டி, அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

அவர் மடிப்பைப் பார்த்த அந்த நேரம் இருக்கிறதே, தேர்தலில் நாங்கள் தோற்றபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழாவது கேள்விக்கு எழுதி வைத்திருந்ததை அடித்தேன். "எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் சொல்லாததையும் சேர்த்து எழுதினோம்" என்று எழுதினேன். மூன்று பிரதியிலும் எழுத வேண்டியிருந்ததால் மூன்று தடவை வெட்கப்பட்டேன். பதினோராவதை விட்டுவைத்தேன். அனந்தராமன் சாரின் கணக்கை எழுத மனம் வரவில்லை, என்னிடம் வேறு கணக்கும் இல்லை.

7

பதினைந்து நாள் கெடு தாண்டிவிட்டது. தலைமை நிலையத்திலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. அதிலும் "உங்கள் தொகுதி" என்றுதான் இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாற்றம். ஸ்டெல்லா ஒருநாள், "பப்பா, அந்த அங்கிள் கத்துக்கிட்ட புக் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். எதிர்க்கட்சிப் படிப்பகத்தில் கிடைக்கும் என்று சொன்னேன். போய் வாங்கி வந்திருக்கிறாள். படிக்கிறாளா, பாதியில் விடுவாளா, தெரியாது. மேஜையில் கிடக்கிறது.

போன வாரம் செல்லையாவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. விலாசம் அஞ்சலகத்தில் யாரையோ கொண்டு எழுதியது. உள்ளே இருந்ததெல்லாம் அவர் கை. எழுத்துகள் கோணலும் மாணலுமாக, வரி ஏறியும் இறங்கியும் இருந்தன. இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்கெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது.

"அண்ணாச்சிக்கு செல்லையா எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சுகம். மச்சான் கொடைக்கு முந்துன நாளே வந்தாக. பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பலகாரம் எல்லாம் கொண்டாந்தாக. ஒரு வருசம் பிந்துன சீர். பேச்சி அழுதா. மச்சானும் அழுதாக. உங்க கடுதாசிய அவுக கட்சிப் படிப்பகத்துல சொவத்துல ஒட்டிட்டாக. கிழிக்கச் சொன்னேன். கேக்க மாட்டேங்காக. மன்னிக்கணும்."

அனந்தராமன் சார் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. என் கையெழுத்தும் பதவியும் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு சுவரில் இருக்கின்றன. போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். அந்தப் பெண் கொலுசு போட்டுக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போவாள். எனக்கு அதுவே போதும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முழுக்கப் போதாதுதான். ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

கடிதத்தை மடிக்கும்போது கை தானாக மடிப்பைத் திருப்பியது. அந்தச் சின்ன இடத்தில் ஒரு வரி இருந்தது.

"அடுத்த வோட்டு யாருக்குன்னு பேச்சிதான் சொல்லணும். நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

படிவத்தை எடுத்தேன். பதினோராவது கேள்வி: "வரும் தேர்தலில் கட்சியின் வாய்ப்பு எப்படி இருக்கும் என்று கருதுகிறீர்கள்?" மூன்று பிரதியிலும் ஒரே பதிலை எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

"பேச்சியம்மாளைக் கேட்க வேண்டும்."